வெந்நீர் விதியும் மேரியம்மா சொன்னதும்

புதிதாகச் சேர்ந்திருப்பவர்களிடம் கொஞ்ச நேரம் பேச வேண்டும் என்று நம் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து கூப்பிட்டபோது இரண்டு முறை மறுத்துவிட்டேன். மூன்றாம் முறை ஒப்புக்கொண்டதற்குக் காரணம், உங்களில் சிலருக்கு ஒரகடம், வல்லம் வடகால் பக்கம் பணி என்று கேள்விப்பட்டதுதான். விடுதிகளிலும் மண்டபங்களிலும் வெந்நீர் எப்படிக் காய்ச்சலாம், எதை எரிக்கக் கூடாது என்ற மாநில விதியை அங்கே முதலில் கொண்டுபோனவன் நான். நீங்கள் கையில் எடுத்துக்கொண்டு போகப்போகும் சோதனைப் படிவத்தின் முதல் வடிவத்தை எழுதியவனும் நான்தான். அதில் இப்போது 'காற்றோட்டம்' என்று ஒரு பகுதி இருக்கிறது. நான் எழுதியபோது அது கிடையாது. அது எப்படி உள்ளே வந்தது என்று அலுவலகத்தில் ஒரு கதை சொல்வார்கள், அதில் நான் நல்லவனாக வருவேன். நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. அந்த விதி தேவையான விதி. அதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை. வல்லம் வடகாலில் தொழிற்சாலைகள் வந்த பிறகு, தென் மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வரும் பெண்களுக்காக வரிசையாக விடுதிகள் எழும்பின. ஒவ்வொன்றின் பின்புறத்திலும் ஒரு தகர பாய்லர். அதில் எரிப்பது தொழிற்சாலைகள் கழித்துப்போடும் பேக்கிங் கட்டை. பெயின்ட் அடித்த கட்டை, பிளைவுட், அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் தெர்மோகோல், எல்லாம் போகும். விடுதிக்குப் பின்னால் குடியிருந்தவர்கள் காலையில் கதவைத் திறக்க முடியாது. ஒரு பெண்மணி தன் குழந்தையின் இருமலை எனக்குக் கேட்கவைப்பதற்காகவே அதைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். குழந்தை இருமும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தார். அப்புறம் எழுந்து போய்விட்டார்.

ஆகவே விதி வந்தபோது நான் உற்சாகமாகத்தான் இருந்தேன். கட்டையும் கழிவு எண்ணெயும் கூடாது. சூரிய சக்தி, மின்சாரம், எரிவாயு, இந்த மூன்றில் ஏதாவது ஒன்று. எங்கள் பகுதியில் எத்தனை பாய்லர்கள் மாறின என்று மாதாமாதம் கூட்டத்தில் சொல்ல வேண்டும். நான் வேகமாக வேலை செய்தேன். வேகம் எனக்குப் பெருமையாக இருந்தது.

பாஸ்கர் என்பவருடைய மூன்று மாடி மகளிர் விடுதியில் தகர பாய்லருக்கு நானே சீல் வைத்தேன். பாஸ்கர் அந்த ஊர்க்காரர். நெல் விளைந்த தன் நிலத்திலேயே விடுதி கட்டியவர். முதலில் சண்டை போட்டார். பிறகு ஒரு மாதத்துக்குள் அவரே கூப்பிட்டார்.

"வந்து பாருங்க சார். அடுப்ப ஒடச்சே போட்டுட்டேன். எல்லா பாத்ரூம்லயும் கேஸ் கீசர் மாட்டிக்கினேன். இனிமே இன்னா சார் குத்தம் சொல்லப் போறீங்க?"

போய்ப் பார்த்தேன். சொன்னது உண்மை. பாய்லர் இருந்த இடத்தில் துளசிச் செடி வைத்திருந்தார். ஒவ்வொரு குளியலறைச் சுவரிலும் ஒரு கேஸ் கீசர். சிலிண்டர்கள் வெளியே நடைபாதையில், இரும்புக் கூண்டுக்குள். குழாய் இணைப்புகள் ஒழுங்கு. என் படிவத்தில் எதெல்லாம் கேட்டிருந்தேனோ அதெல்லாம் சரியாக இருந்தது.

அப்போது ஒரு குளியலறையிலிருந்து தலையில் துண்டு சுற்றிக்கொண்டு ஒரு பெண் வெளியே வந்தாள். முத்துச்செல்வி என்று பெயர், சங்கரன்கோவில் பக்கம். போன் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் நுணுக்கமான பாகங்களைப் பொருத்தும் வேலை. புது ஏற்பாடு எப்படியம்மா இருக்கிறது என்று கேட்டேன்.

"நல்லாருக்கு சார். முன்னால குளிச்சிட்டுப் போனாலும் துணியில பொகை நாத்தம் அடிக்கும். லைன்ல பக்கத்துல நிக்கிற புள்ள மூஞ்சியச் சுளிக்கும். இப்ப அந்த நாத்தமே இல்ல" என்றாள்.

அதைக் கேட்டு எனக்கு அவ்வளவு சந்தோஷம். விதியால் பயன்பெற்ற ஒருவர் நேரில் நின்று சொல்வதைக் கேட்கும் வாய்ப்பு நம் வேலையில் அடிக்கடி வராது.

இன்னொன்றையும் அன்று கவனித்தேன். முதல் முறை நான் வந்தபோது குளியலறைகளின் மேல்பக்கம் கண்ணாடிப் பட்டை வைத்த சின்ன ஜன்னல்கள் திறந்திருந்தன. இப்போது அவற்றை பிளைவுட் பலகையால் மூடியிருந்தார்கள். பக்கத்தில் புதிதாக ஓர் ஆண்கள் விடுதி எழும்பியிருந்தது. அங்கிருந்து எட்டிப் பார்க்கிறார்கள் என்பதால் மூடியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தது சரிதான். பெண் பிள்ளைகளின் பாதுகாப்பில் அக்கறை இருக்கிறதே என்று பாஸ்கரை மனதுக்குள் பாராட்டக்கூடச் செய்தேன்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் படி இறங்கும்போது விடுதி வார்டன் பின்னாலேயே வந்தார். ஆரோக்கியமேரி. மேரியம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பக்கத்துக் கிராமம். நாற்பத்தைந்து வயது இருக்கும். அதிகம் பேசாதவர். பாஸ்கர் முன்னால் போகட்டும் என்று காத்திருந்து சொன்னார்.

"சார், ஒண்ணு சொல்லணும். இது மாட்டுனதுலேந்து பொண்ணுங்க குளிச்சிட்டு வந்தா தல சுத்துதுன்னு சொல்லுதுங்க. நேத்து ஒரு பொண்ணு வாந்தி எடுத்துச்சு. ஓனர்கிட்ட சொன்னா, புதுசுல்ல, பழகிடும்னு சொல்றாரு."

என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். எனக்கு அன்று இன்னும் மூன்று விடுதிகள் பாக்கி. மறுநாள் கூட்டம்.

"ஷிப்டு முடிச்சு வெறும் வயித்தோட வந்து சூடா ஊத்திக்கிட்டா அப்படித்தாம்மா இருக்கும். ஏதாவது சாப்பிட்டுட்டுக் குளிக்கச் சொல்லுங்க" என்றேன்.

"சரி சார்" என்றார்.

நான் பொறியாளர். மூடிய அறையில் எரிவாயு எரிந்தால் காற்று தீர்ந்துபோகும், கார்பன் மோனாக்சைடு உண்டாகும், அதற்கு மணமும் கிடையாது நிறமும் கிடையாது, முதல் அறிகுறி தலைசுற்றலும் வாந்தியும் என்பதைக் கல்லூரியில் படித்தவன். மூடிய ஜன்னலை என் கண் பார்த்தது. தலைசுற்றலை என் காது கேட்டது. இரண்டும் சேரவில்லை. புகைதான் எதிரி என்று மூன்று வருடமாக நினைத்துப் பழகிவிட்டேன். புகை இல்லாத இடத்தில் ஆபத்தைத் தேட எனக்குத் தோன்றவில்லை.

பதினேழு நாள் கழித்து, மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலை, எட்டு மணி இருக்கும். சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்தில் இறங்கி அலுவலக ஜீப்பில் ஏறியிருந்தேன். பாஸ்கர் போன் செய்தார்.

"சார், ஒரு பொண்ணு பாத்ரூம்ல வுழுந்துடுச்சி. நைட் ஷிப்டு முடிச்சிட்டு வந்து குளிக்கப் போச்சாம். மேரியம்மா கதவ ஒடச்சித் தூக்கினாங்க. கிளினிக்ல சக்கர கொறஞ்சிடுச்சின்னு டிரிப் ஏத்திக்கினு கீறாங்க. உங்களுக்கு ஒரு வார்த்த சொல்லலாம்னு…"

சர்க்கரை குறைந்து ஒரு பெண் மயங்கி விழுந்தால் எனக்கு எதற்குச் சொல்ல வேண்டும்? பாஸ்கருக்கும் உள்ளூர ஏதோ தெரிந்திருக்கிறது. மேரியம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன்.

"மூஞ்சி எப்படி இருந்துச்சும்மா?"

"அதான் சார் எனக்கே புரியல. மயங்கினா வெளுத்துப் போவும்ல? நல்லா செவந்து கெடந்துச்சு. முத்துச்செல்வி சார்."

கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஏறினால் முகம் வெளுக்காது, சிவக்கும். அந்த நிமிடத்தில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஜீப்பிலிருந்தே கிளினிக்குக்குப் பேசினேன். இது சர்க்கரை இல்லை, கேஸ் கீசர் விஷம், ஆக்சிஜன் வையுங்கள், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள் என்றேன். டாக்டர் முதலில் நம்பவில்லை. நான் கத்தினேன். வாழ்க்கையில் ஒரு டாக்டரிடம் கத்தியது அன்றுதான். அனுப்பினார்கள். விடுதிக்குப் போய் எல்லா சிலிண்டரையும் மூடச் செய்து, பலகைகளை என் டிரைவரும் நானுமாகப் பிடுங்கிப் போட்டோம். ஒவ்வொரு அறையாகப் போய் யாருக்காவது தலைவலி இருக்கிறதா என்று கேட்டோம். நான்கு பெண்கள் கை தூக்கினார்கள். அவர்களையும் அனுப்பினோம்.

அலுவலகத்தில் நீங்கள் கேட்டிருக்கும் கதை இதுதான். 'போனிலேயே கண்டுபிடித்து ஒரு உயிரைக் காப்பாற்றினார்' என்பார்கள். அது பொய்யில்லை. ஆனால் போனில் ஒரு நிமிடத்தில் கண்டுபிடிக்கத் தெரிந்தவனுக்கு, பதினேழு நாள் முன்னால் படிக்கட்டில் நின்றபோதும் அதே அறிவுதான் இருந்தது. முகம் சிவந்திருந்ததைத் தவிர, அன்று கேட்டதைவிட அதிகமாக மேரியம்மா போனில் எதுவும் சொல்லிவிடவில்லை. அன்று நான் அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

முத்துச்செல்வி பிழைத்தாள். பல வாரங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். நான் இரண்டு முறை போய்ப் பார்த்தேன். பேசும்போது வார்த்தை பாதியில் நின்றுவிடும், அது எங்கே போனது என்று மேலே பார்த்துத் தேடுவாள். விரல்கள் நடுங்கின. கடுகு அளவு திருகாணியைப் பொருத்திக்கொண்டிருந்த விரல்கள். அவளுடைய அம்மா வந்து ஊருக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

பிறகு விசாரணை வந்தது.

என் மேலதிகாரி ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர். நேர்மையானவர். நீதிமன்றத்துக்குப் போகும்போதெல்லாம் அவர் சொல்வது ஒன்றுதான், "கேட்டதுக்குப் பதில் சொல்லு. கேட்காததுக்குப் பதில் சொல்லாதே." அந்தப் பேச்சு என்னைப் பல வழக்குகளில் காப்பாற்றியிருக்கிறது. விசாரணைக்கு முன்னாலும் அதையே சொன்னார். "நம்ம விதி எரிபொருளப் பத்தினது. ஜன்னலப் பத்தினது இல்ல. நீ எதையும் மறைக்க வேண்டாம். கேட்டாச் சொல்லு." நான்கு வரியில் அறிக்கை எழுதினேன். நான்கும் உண்மை.

விசாரணை அதிகாரி ஸ்ரீபெரும்புதூரில் எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்தார். பாஸ்கர், மேரியம்மா, நான், கீசர் மாட்டிய ஆள். பாஸ்கர் எழுந்து, பெண்களுக்குத் தலை சுற்றியது தனக்குத் தெரியவே தெரியாது, வார்டன் சொல்லியிருந்தால் அன்றைக்கே கழற்றியிருப்பேன் என்றார். அதிகாரி மேரியம்மா பக்கம் திரும்பினார்.

"ஓனர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன் சார்."

"அவர் இல்லைங்கறாரே. எழுதிக் குடுத்தீங்களா?"

"இல்ல சார். வாயாலதான் சொன்னேன்."

"வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா? சாட்சி இருக்கா?"

மேரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாக இல்லை, கெஞ்சலாகவும் இல்லை. கடையில் பொருளைக் கட்டிக் கொடுக்கும்வரை நாம் காத்திருப்போமே, அப்படி. நான் கையிலிருந்த கோப்பைப் பார்த்தேன். கேள்வி என்னிடம் கேட்கப்படவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு மூச்சு விடும் நேரம் இருக்கும். பிறகு அவர் முன்னால் திரும்பி, "இல்ல சார்" என்றார்.

வெளியே வந்தேன். ஓடிப் போய் உள்ளே சொல்லிவிடலாமா என்று ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டிரைவர், "சார், போலாமா?" என்றார். "போலாம்" என்றேன்.

அறிக்கையில், அறிகுறிகள் தெரிந்தும் உரியவர்களுக்குத் தெரிவிக்காதது வார்டனின் அலட்சியம் என்று வந்தது. பாஸ்கரின் விடுதியைச் சில மாதங்கள் மூடிவைத்தார்கள். பிறகு கூரையில் சூரிய சக்தித் தகடுகள் வைத்து, புது வார்டனோடு திறந்தார். மேரியம்மாவை அந்தப் பகுதியில் எந்த விடுதியிலும் வேலைக்கு எடுக்கவில்லை. பொண்ணு விழுந்துச்சே, அந்த ஹாஸ்டல் வார்டனா என்று கேட்பார்களாம்.

நான் என்ன செய்தேன்? மேலிடத்துக்கு ஒரு நீண்ட குறிப்பு எழுதினேன். கீசர் குளியலறைக்கு வெளியே இருக்க வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும், குடியிருப்பவர்களிடம் தனியாகப் பேசி உடல்நிலை கேட்க வேண்டும் என்று அதில் இருந்தது. இரண்டு வாரம் மெனக்கெட்டு எழுதினேன். அதை ஏற்று விதியைத் திருத்தினார்கள். எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அந்தக் குறிப்பில் பலகையின் கனம்கூட இருக்கிறது. வார்டன் என்னிடம் சொன்னார் என்ற ஒரு வரி மட்டும் இல்லை. அந்த வரியை எழுதிப் பார்த்தேன். இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் எடுத்துவிட்டேன். நல்லது நடக்கப்போகிறது, அதில் இது எதற்கு என்று தோன்றியது. இன்று யோசித்தால், அந்த ஒரு வரியை எழுதாமல் இருப்பதற்காகத்தான் மற்ற வரிகளை அவ்வளவு நன்றாக எழுதினேனோ என்று இருக்கிறது.

உங்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. விதி எழுதுகிறவர்கள் முந்தின தப்பை மனதில் வைத்துத்தான் எழுதுவார்கள், அடுத்த தப்பு விதிக்கு வெளியேதான் நிற்கும். அங்கே குடியிருக்கிற யாராவது ஒருவர் அதை முதலில் பார்த்திருப்பார். அவர் உங்களைத் தேடிப் படிக்கட்டுவரை வருவார். அவர் சொல்வதற்குப் படிவத்தில் இடம் இல்லையென்றால் பின்பக்கத்தில் எழுதுங்கள். யார் சொன்னது என்று பெயரோடு எழுதுங்கள். உங்கள் கையெழுத்துக்குக் கீழே அது இருந்தால், பிறகு கோப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது.

ஓய்வு பெற்ற நான்காம் மாதம் மேரியம்மாவைத் தேடிப் போனேன். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் பாத்திரம் கழுவும் வேலையில் இருந்தார். மதியச் சாப்பாடு முடிந்து, கை துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. மரத்தடியில் நின்றோம்.

நடந்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதம் ஒன்றை விசாரணை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு, அதன் நகலை எடுத்துப் போயிருந்தேன். கொடுத்தேன். மெதுவாக முழுவதும் படித்தார்.

"அன்னிக்கு ஏம்மா என் பேரச் சொல்லல?" என்று கேட்டேன்.

"நீங்களா சொல்லுவீங்கன்னு நெனச்சேன் சார். நான் சொல்லி, நீங்க இல்லேன்னுட்டா? ஓனர் ஏற்கெனவே இல்லேன்னுட்டாரு. பெரிய ஆளுங்க ரெண்டு பேர் இல்லேன்னா, அப்புறம் நான் பொய் சொன்னவளாயிடுவேன்."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் கடிதத்தை மடித்து என்னிடமே நீட்டினார்.

"இத வச்சிக்கினு நான் எந்த ஹாஸ்டலுக்குப் போறது சார்? இந்த வேலயே போதும். ஒண்ணு மட்டும் செய்யுங்க. அந்தப் பொண்ணோட அம்மா ஊருக்குப் போற அன்னிக்கு என்கிட்ட கேட்டாங்க, 'எம்புள்ளய ஒங்கள நம்பித்தானக்கா விட்டேன், ஒரு வார்த்த யார்கிட்டயும் சொல்லாம விட்டுட்டீகளே'ன்னு. நான் சொன்னேன்னு அவங்களுக்குத் தெரியணும். மத்தவங்களுக்குத் தெரிஞ்சாலும் ஒண்ணுதான், தெரியாட்டியும் ஒண்ணுதான்."

தன் போனை எடுத்து எண்ணைத் தேடி அழுத்தி என் கையில் கொடுத்தார். எண்ணை இத்தனை நாள் வைத்திருந்திருக்கிறார். மறுமுனையில் கோழிச் சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெண் குரல்.

நான் யார் என்று சொன்னேன். ஆஸ்பத்திரியில் பார்த்தது அவருக்கு நினைவிருந்தது. முத்துச்செல்வி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். "இருக்கா. வீட்டு வேல செய்வா. விறகு அடுப்புப் பக்கம் மட்டும் விடுறதில்ல, கை நடுங்குதுல்லா" என்றார். பிறகு நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். கீசர் மாட்டிய சில நாளிலேயே, உங்கள் மகள் விழுவதற்குப் பதினேழு நாள் முன்னால், மேரியம்மா என்னிடம் வந்து சொன்னார்.



"அக்கா சொன்னாவளா?"

"சொன்னாங்கம்மா."

"ஒங்ககிட்டயா?"

"என்கிட்டதாம்மா."

"அப்ப நீங்கதான் கேக்கலியா சார்?"

"ஆமாம்மா. நான்தான் கேக்கல."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"அக்காகிட்ட போனக் குடுங்க" என்றார்.

கொடுத்தேன். மேரியம்மா அதைக் காதில் வைத்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கேன்டீன் சுவர் ஓரமாக நடந்து போனார். அந்த அம்மா என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. மேரியம்மா சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்று, வெகுநேரம், "ஆமாங்க… இல்லீங்க… ஆமாங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.